கட்டட அனுமதி ஓரிடம், பேருந்து அனுமதி வேறிடம்: வலிகாமத்தில் குடியிருப்பு அடர்த்தியை எங்கே கூட்டலாம்?

கோண்டாவில் வாசி:

வணக்கம். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலுள்ள எங்கள் சனசமூக நிலையத்தில் ஆறேழு பேர் கூடி, ஊரின் எதிர்கால அபிவிருத்தி பற்றி உள்ளூராட்சி சபைக்கு ஒரு கருத்துரை எழுதிக் கொடுப்பதென்று முடிவெடுத்தோம். முதற்பக்கத்தைத் தாண்டுவதற்குள்ளேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். விடயம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எல்லோரும் ஏற்றுக்கொள்வது இவ்வளவுதான். பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் மாடிக் கடைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உள்ளே ஒழுங்கைகளில், ஒரு காலத்தில் ஆறு பரப்பு, எட்டுப் பரப்பாக (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) இருந்த வளவுகள் சீதனத்திலும் விற்பனையிலும் பிரிந்து இரண்டு பரப்புத் துண்டுகளாகிவிட்டன. வீடுகள் கூடின, அதற்கேற்ப மோட்டார் சைக்கிள்களும் கூடின, பேருந்தில் ஏறுவோர் மட்டும் கூடியதாகத் தெரியவில்லை.

இதற்கு மேல்தான் பிணக்கு. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டு வந்ததால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று வரிசையாக நிலையங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன, அவற்றைச் சுற்றியே மாடிக் குடியிருப்புகளை ஊக்குவிக்க வேண்டும் என்பது ஒரு சாராரின் நிலைப்பாடு. மக்கள் ஏறுவது பேருந்தில்தான், ஆகவே சந்திகளையே வளர்க்க வேண்டும் என்பது மற்றவர்களின் வாதம். எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஓர் ஐயா, இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "முதலில் கிணற்றைப் பற்றி யோசியுங்கள்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

என் கேள்விகள் இரண்டு. நிலையமா, சந்தியா? அதைவிட முக்கியமாக, வீடு எங்கே கட்டப்படலாம் என்பதையும் பேருந்து எங்கே ஓடலாம் என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது? கருத்துரையை யாருக்கு முகவரியிடுவது என்பதே எங்களுக்குத் தெளிவில்லை.

பழைய படவரைஞர்:

வணக்கம். உள்ளூராட்சித் துறையில் கட்டட விண்ணப்பங்களைப் பார்த்தே என் தலை நரைத்தது. ஆகவே இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் கேட்கும் அதிகாரம் ஒரே கையில் இல்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை, தனக்கெனப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கு அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிக்கும். அன்றாடக் கட்டட அனுமதி பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை வழியாகவே கிடைக்கும். யாழ் மாவட்டத்தில் அத்தகைய சபைகள் 17 உள்ளன. பேருந்தைப் பொறுத்தவரை, மாகாணங்களுக்கிடையிலான வழித்தடங்கள் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் சேவைகள் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும் உரியவை, இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) மத்திய அரசின் கீழ் இயங்குகிறது, புகையிரதத் திணைக்களமும் அவ்வாறே. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், அடுத்த தர வீதிகள் மாகாணத் திணைக்களத்திடமும், ஒழுங்கைகள் உங்கள் சபையிடமும் இருக்கின்றன. ஒருவர் தன் வீட்டுப் படலையிலிருந்து பெரியாஸ்பத்திரிவரை போய்வருவதற்குள் இத்தனை அலுவலகங்களின் எல்லைகளைக் கடக்கிறார்.

என் சேவைக்காலத்தில் என் கையால் கடந்துபோன விண்ணப்பங்களில், வாகனத் தரிப்பிடம் எத்தனை என்று கேட்டோம். வீதிக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டோம். மிக அண்மைய பேருந்துத் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு திருமண மண்டபமோ தனியார் கல்வி நிலையமோ வரும்போது அதன் பயணத்தேவையைப் போக்குவரத்து அதிகார சபைக்கு அறிவிக்கும் பழக்கமும் இருக்கவில்லை. மறுபக்கத்திலும் இதே கதைதான்: வழித்தட அனுமதிப்பத்திரம் வழங்குவோரின் மேசையில் எங்கள் காணிப் பயன்பாட்டு வரைபடம் விரிந்து கிடந்ததை நான் கண்டதில்லை. உங்கள் கருத்துரையை ஒரே பிரதியாக அனுப்பாமல், சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும் ஒரே திகதியில், ஒன்றின் பிரதி மற்றையவற்றுக்கும் அனுப்பப்படுகிறது என்ற குறிப்போடு அனுப்புங்கள். மூவரும் ஒருவரையொருவர் கேட்காமல் பதில் எழுத முடியாத நிலையை அது உருவாக்கும்.

இனி அடர்த்தி. அமெரிக்காவில் புஷ்கரெவ், சூப்பன் என்ற இருவர் 1977இல் கணக்கிட்டுச் சொன்ன அளவுகோல் ஒன்று இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது: மணிக்கொரு பேருந்துக்குக் குடியிருப்பு ஏக்கர் ஒன்றில் ஏறத்தாழ 4 வீடுகள், அரைமணிக்கொன்றுக்கு 7, பத்து நிமிடத்துக்கொன்றுக்கு 15. இதை நம் அளவைக்கு மாற்றினால் சுவையாக இருக்கும். ஏக்கருக்கு 16 பரப்பு; எனவே நாலு பரப்பு வளவுகள் நிறைந்த ஊர் மணிக்கொரு பேருந்துக்கும், இரண்டு பரப்புத் துண்டுகளாகிய ஊர் அரைமணிக்கொன்றுக்கும் தகுதி பெறுகிறது. காணியைத் துண்டாடியதால் மட்டும் பத்து நிமிடப் பேருந்து வந்துவிடாது என்பதும் அதே கணக்கிலேயே தெரிகிறது. அவர்கள் நகர மையத்தின் அளவையும் சேர்த்தே கணித்தார்கள், அங்கே வீட்டுக்கொரு கார் இருந்தது, ஆகையால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். பழைய வேலியடைத்த வளவையும் இன்றைய மதில் வளவையும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலாக இது போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாழ் மாநகர எல்லைக்குள் 1981இல் ஏறத்தாழ 1,18,000 பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் அது 88,000 அளவுக்கு இறங்கியிருந்தது. போரும் இடப்பெயர்வும் காரணம் என்பதை விளக்க வேண்டியதில்லை. வடிகாலும் வீதியும் மின்சாரமும் ஏற்கெனவே உள்ள நகரத்துக்குள் ஆள் குறைந்திருக்க, நாம் தோட்டக்காணிகளின் விளிம்பில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். செம்மண் தோட்டம் ஒன்று வீட்டுத்திட்டமாகும்போது பேருந்துக்குப் பயணி கிடைப்பதில்லை, மரக்கறியும் போகிறது.

நிலையமா சந்தியா என்றால், என் வாக்கு சந்திக்கே. ஒற்றைத் தண்டவாளத்தில், ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே ஓடும் வண்டியை நம்பி நாலு மாடி கட்டுபவர், கீழ்த்தளத்தில் மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தையும் சேர்த்தே கட்டுவார்.

நேரக்கணிப்பாளர்:

படவரைஞர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் பேருந்துப் பக்கத்தின் நோயையும் சொல்லியாக வேண்டும். நான் நீண்டகாலம் தரிப்பிடத்தில் நேரப் புத்தகத்தோடு நின்றவன்.

தனியார் சேவையில் பெரும்பாலும் ஓர் உரிமையாளருக்கு ஒரு பேருந்து, ஒரு வழித்தட அனுமதி. சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலிலிருந்தே சம்பளம். ஆகவே முன்னே போகும் வண்டி ஆள் நிரம்பும்வரை சந்தியில் ஊர்ந்து நிற்கும். பின்னே வருவது அதை முந்த ஓடும். அட்டவணையில் பத்து நிமிட இடைவெளி என்றிருந்தாலும் வீதியில் நிற்பவருக்கு இருபது நிமிடம் ஒரு வண்டியும் வராது, பிறகு இரண்டு சேர்ந்து வரும். இடைவெளி ஒழுங்காகப் பத்து நிமிடம் என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். இரண்டிரண்டாக இருபது நிமிடத்துக்கொருமுறை வந்தால் அதே எண்ணிக்கை வண்டிகளோடு காத்திருப்பு பத்து நிமிடமாகிறது. ஒரு சதமும் மேலதிகமாகச் செலவழிக்காமல் சேவையைப் பாதியாக்கும் வித்தை இது.

காணிப் பயன்பாட்டைத் திட்டமிடுவோர் இந்த வசூல் முறையைத் தொடாமல் விட்டால், சந்தியில் எத்தனை மாடி எழுந்தாலும் பயன் இல்லை. ஓடும் தூரத்துக்குப் பணம் கொடுத்து, நேரம் தவறினால் கழித்துக்கொள்ளும் ஒப்பந்த முறை வேண்டும். இது நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. மாணவர்களுக்கான சிசு செரிய சேவைக்கு அரசு பணம் கொடுத்து ஓட்டுவிக்கிறதே. ஒரு வீதியில் ஓடும் உரிமையாளர்களை ஒரு சங்கமாக்கி, வசூலைப் பொதுவில் சேர்த்துப் பகிர்ந்தாலே பாதி நோய் தீரும்.

கட்டடத்தை முதலில் கட்டி, இணக்கத்தைப் பிறகு தேடுவது நமக்குப் பழகிப்போன ஒழுங்கு. யாழ் நகரில் நெடுந்தூரப் பேருந்து நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. எந்தச் சேவை எங்கிருந்து புறப்படுவது என்ற இழுபறி அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் நீடித்ததை எல்லோரும் பார்த்தோம். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அத்திவாரக் கல் வைக்குமுன் நேர அட்டவணையில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

ஸ்காபரோத் தமிழன்:

ரொறன்ரோவில் நகரத் திட்டமிடல் படித்தவன், ஊர் இணுவில். அடர்த்தி பற்றிய கணக்கோடு சிறிது முரண்பட விரும்புகிறேன்.

நம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில் பெரும்பாலானவை தனித்தனி வீடுகளே. ஆனாலும் ஃபிஞ்ச், லோறன்ஸ் போன்ற பெருவீதிகளில் பகல் முழுவதும் பத்து நிமிடத்துக்குள் ஒரு பேருந்து வந்துவிடும். இதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். பெருவீதிகள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்வதால் நேராக ஓடும் வண்டியிலிருந்து குறுக்கே ஓடும் வண்டிக்கு மாறலாம். 1950களிலிருந்து அங்கே திட்டமிட்டவர்கள் அடுக்குமாடிகளைப் பெருவீதிகளின் ஓரத்திலேயே எழுப்பினார்கள். ஆள் குறைந்த தெருக்களின் நடுவே அவை பேருந்துக்கு ஊட்டமாக நிற்கின்றன. இவற்றைவிடப் பெரிய காரணம், ஒரே நிறுவனம் பேருந்தையும் சுரங்க ரயிலையும் நடத்துவதும், மாறி ஏறுவதற்கு மறுகட்டணம் இல்லாமையும். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயிலிருந்து திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவி நகரத்தில் மாறினால் இரண்டாவது முறையும் புதிதாகக் கட்டணம் கொடுக்கிறாள். இரண்டு வண்டிக்கும் பயணச்சீட்டு ஒன்றாக இருந்தால் அடர்த்தியைக் கூட்டாமலே பயணிகள் கூடுவார்கள்.

சந்திகள் பற்றிய கருத்தை நான் மறுக்கவில்லை. பிரேசிலின் குரிச்சிபா நகரம் இதற்கு நல்ல முன்மாதிரி. 1965இல் நகரத் திட்டமிடலுக்கெனத் தனி நிறுவனத்தை அமைத்து, 1966இல் பெருந்திட்டத்தை ஏற்று, சில நெடுவீதிகளை மட்டும் வளர்ச்சி அச்சுகளாகக் குறித்து, உயர்ந்த கட்டடங்களை அந்த அச்சுகளின் ஓரமாகவே அனுமதித்தார்கள். 1974இல் அதே அச்சுகளில் தனித்தடப் பேருந்து ஓடத் தொடங்கியது. 1970இல் அந்நகரின் சனத்தொகை ஏறத்தாழ 6 இலட்சம். நம் மாவட்டத்தின் 2012 சனத்தொகைக்கு மிக அண்மித்த அளவு. ஆகவே "இதெல்லாம் பெருநகரங்களுக்கு" என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுக்கலாம். ஆனால் அங்கே காணிப் பயன்பாடும் பேருந்தும் ஒரே நகராட்சியின் கையில் இருந்தன, இங்கே 17 சபைகள். அந்த வேறுபாட்டைக் கருத்துரையில் மறைக்காதீர்கள்.

புகையிரதத்தை முற்றாகக் கைவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கோப்பன்ஹேகனில் 1947இல் வகுத்த விரல் திட்டம், ரயில் பாதைகளை ஐந்து விரல்களாகவும் இடைப்பட்ட பசுமையைக் கைவைக்கக் கூடாத இடமாகவும் கொண்டது. பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து 600 மீற்றருக்குள் அமைய வேண்டும் என்ற விதியும் அங்கே பின்னாளில் வந்தது. நாம் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்; அலுவலகத்தையும் வைத்தியசாலையையும் கல்லூரியையும் எங்கே வைக்கிறோம் என்பது அதற்குச் சமமான முடிவு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பதால் அங்கே ஒரு புகையிரத நிலையமும் இருக்கிறது. கைதடியில் வட மாகாண சபை அமைந்த இடம் ஏ9 வீதியில் இருப்பதால், ஓடிக்கொண்டிருந்த பேருந்துகளே அதற்குச் சேவை கொடுத்தன. அரசாங்கம் தனக்கென ஒரு கட்டடம் எழுப்பும்போது எந்தத் தனியாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆகவே ஒருங்கிணைப்பை முதலில் அங்கேதான் பழக வேண்டும்.

கிணற்றடி:

உங்கள் சனசமூக நிலையத்து மூத்தவரை நான் அறியேன், ஆனால் அவர் பாதி சொல்லிவிட்டுப் போனதை நான் முடித்துவைக்கிறேன்.

வலிகாமத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மழைநீர் விரைவாக இறங்குவதுபோல மலக்குழியின் கழிவும் விரைவாக இறங்கும். நகரத்திலும் சரி, ஊர்களிலும் சரி, வீடுகளைப் பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கும் அமைப்பு நமக்கு இல்லை. ஒவ்வொரு வளவிலும் ஒரு குழி, ஒரு கிணறு. தோட்டத்து உரத்தோடு இந்தக் குழிகளும் சேர்ந்துதான் கிணறுகளில் நைத்திரேற்று என்ற மாசு ஏறியது. ஆறு பரப்பு வளவில் கிணற்றையும் குழியையும் எதிர்மூலைகளில் வைக்க இடம் இருந்தது. இரண்டு பரப்பில், உங்கள் கிணற்றுக்கும் உங்கள் குழிக்கும் தூரம் விட்டாலும், அயலவரின் குழி உங்கள் மதிலுக்கு அப்பால் இருக்கிறது.

குழாய்நீர் வந்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று பலர் எண்ணுகிறார்கள். தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்ததும் குழாய் வலையமைப்பு விரிவதும் நல்ல செய்திகளே. ஆயினும் குழாயால் உள்ளே வரும் நீர் அவ்வளவும் பயன்பட்ட பின் குழிக்குள்தான் போகிறது. குடிநீர் வேறிடத்திலிருந்து வரும்போது கிணற்றின் மீதான அக்கறையும் குறையும் என்பது என் தனிப்பட்ட பயம்.

இதனால் மாடிக் குடியிருப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; நான் வரும் முடிவு எதிர்த்திசையில் இருக்கிறது. இரண்டு பரப்புத் துண்டுகளில் தனித்தனியாகக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. நாற்பது, ஐம்பது வீடுகள் ஒரு சந்தியில் சேர்ந்திருந்தால் பொதுச் சுத்திகரிப்பு அமைப்பு ஒன்றை நடத்தலாம், அதற்குப் பராமரிப்புக் கட்டணமும் அறவிடலாம். ஆகவே வீதி நெடுகக் கடைக்கு மேல் கடையாக நாடாபோல நீளும் கட்டடங்களைக் கட்டுப்படுத்தி, மருதனார்மடம், சுன்னாகம், கோண்டாவில், திருநெல்வேலி போன்ற சில சந்திகளில் மட்டும் செறிவை அனுமதிப்பது பேருந்துக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது. சுத்திகரிப்பு அமைப்பு இல்லாமல் மேல்மாடிக்கு அனுமதி இல்லை என்ற நிபந்தனையை உங்கள் கருத்துரையின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள்.

தென்மராட்சிப் பயணி:

ஆண்கள் எல்லோரும் வரைபடத்தில் வட்டம் போடுகிறீர்கள். தரிப்பிடத்தைச் சுற்றி 400 மீற்றருக்கு வட்டம் போட்டால் அதற்குள் என் வீடும் அடங்கும். ஆனால் ஒழுங்கை முடக்கில் முடிவதால் நான் சுற்றி நடப்பது அதற்கு இரட்டிப்புத் தூரம். முன்பு அயலவரின் வளவுக்கூடாக ஒரு கையொழுங்கை, அதாவது நடந்து போகும் ஒடுக்கமான பாதை, இருந்தது. மதில் எழும்பியதும் அது மறைந்துவிட்டது. மார்கழி மழையில் முழங்காலளவு வெள்ளம், மாலை ஆறரைக்குப் பின் விளக்கில்லை, கடைசிப் பேருந்து போய்விட்டதா என்று கேட்க ஆளில்லை. சந்தியில் எத்தனை மாடி வந்தாலும், அங்கே நடந்து போக வழியில்லாவிட்டால் நான் ஸ்கூட்டி வாங்குவேன். சென்ற வருடம் வாங்கியும்விட்டேன்.

கோண்டாவில் வாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இதை அச்சிட்டுக் கூட்டத்தில் வாசித்தோம்; மூத்தவர் ஐயா இந்த முறை எழுந்து போகவில்லை. மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புவது, நான்கு சந்திகளை மட்டும் குறிப்பது, சுத்திகரிப்பு நிபந்தனை, வசூலைப் பொதுவில் சேர்க்கும் முறை ஆகியன முதல் வரைவில் சேர்ந்துவிட்டன. நிலையக் கட்சியினரும், காங்கேசன்துறைப் பாதையில் உள்ளூர்ச் சேவை ஒன்று அடிக்கடி ஓடும்வரை காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கையொழுங்கைகளை மீளத் திறக்கும்படி எழுதலாம் என்றால், அந்த வளவுகள் பலவற்றில் பாதி உரிமையாளர்கள் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் முன்னுரிமைக் கொள்வனவு இதற்குத் தடையாகுமா?

பழைய படவரைஞர்:

முன்னுரிமைக் கொள்வனவு என்பது கூட்டுரிமையாளர் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கும்போது எழும் உரிமை. பாதைக்கென ஒரு துண்டைச் சபைக்கு இனாமாக எழுதிக் கொடுப்பது விற்பனை ஆகாது. ஆனால் பிரிக்கப்படாத காணியில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுக்க முடியாது. எல்லோரின் சம்மதமும் வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்கள் தமக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டியிருக்கும். நொத்தாரிசு ஒருவரிடம் உறுதிகளைக் காட்டிக் கேளுங்கள்.

ஆகவே ஏற்கெனவே கட்டிமுடிந்த வளவுகளில் முட்டி மோதாதீர்கள். இனிமேல் துண்டாடப்படும் காணிகளைப் பிடியுங்கள்; துண்டாடலுக்கான படம் சபைக்கு வந்தே ஆகும். அந்தப் படத்தில், முடக்கில் முடியும் ஒவ்வொரு புதிய ஒழுங்கையிலிருந்தும் அடுத்த ஒழுங்கைக்கு இரண்டு மீற்றர் அகலத்தில் ஒரு நடைபாதை காட்டப்பட வேண்டும் என்று கேளுங்கள். நில அளவையாளர் கோடு போடும் நாளில் அது காணியின் ஓர் ஓரம். மதில் எழும்பிய பிறகு அதுவே வழக்கு.